விழும் நட்சத்திரத்துக்கு ஒரு பெயர்

ஜெபம் முடிந்த பிறகும் ஒரு ஆமென் மிச்சமிருந்தது.

அம்மா, ஹில்டா, ஜூடித் மூவரும் மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் இருந்தார்கள். மூன்று குரல்களும் சேர்ந்து எழுந்து, சேர்ந்தே அடங்கின. தெருக்கோடி ஜட்கா நிறுத்தத்திலிருந்து ஒரு குதிரையின் கனைப்பு, காப்பிக்கொட்டை வறுக்கும் கடையிலிருந்து காற்றில் ஏறி வந்த கருகல் வாசனை, மெழுகுவர்த்தித் திரியின் சடசடப்பு, இவை எல்லாவற்றுக்கும் நடுவில், அரை மூச்சு தள்ளி, நாலாவதாக ஒரு ஆமென். தாழ்ந்த குரல். ஆண் குரல். பக்கத்து அறையின் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, தொடங்கியதைச் சொல்லி முடித்தாக வேண்டும் என்ற பொறுமையோடு அது வந்தது.

அம்மா ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் போட்டாள். ஹில்டா எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். இருவர் முகத்திலும் ஒரு மாறுதலும் இல்லை.

"என்ன அக்கா, இன்னும் எழுந்திருக்கலே? பெர்னார்ட் அண்ணாவுக்காக எக்ஸ்ட்ராவா வேண்டிக்கிறியா?"

"யாரோ ஆமென் சொன்னாங்க, ஹில்டா."

"தெருவுல போற யாராவது இருக்கும். லஷ்கர் மொகல்லாவுல ஆமெனுக்கா பஞ்சம்?"

ஜூடித் சிரித்து வைத்தாள். ஆனால் அப்படி அரை மூச்சு பிந்திச் சொல்லும் ஆளை அவளுக்குத் தெரியும். அவள் கணவன் மைக்கேல் எந்த ஜெபத்தையும் மற்றவர்களோடு சேர்ந்து முடித்ததில்லை. ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்குகிறவன் போலச் சொல்லி, எல்லோரும் வாயை மூடிய பிறகுதான் முடிப்பான். "மாப்பிள்ளை மோட்சத்துக்கும் லேட்டாத்தான் போவார்" என்று, உயிரோடிருந்த நாளில் அப்பா கேலி செய்வார். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன் மைக்கேல் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போனான். கப்பலேறி எகிப்துப் பாலைவனம் வரை போனான். அங்கே ஒரு மணற்புயல் அடங்கியபோது அவன் லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. மைசூரில் மகாராஜா ஆட்சி போய் மந்திரிகள் ஆட்சி வந்தது. ஜூடித் மட்டும் விதவையும் இல்லாமல் சுமங்கலியும் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

இந்த வருஷம்தான் பிஷப் மேற்றிராணியாரிடமிருந்து அனுமதி வந்தது. மைக்கேல் இறந்துவிட்டதாகவே கொள்ளலாம். அவள் மறுமணம் செய்துகொள்ளத் தடையில்லை. கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டி ஒன்றைக் கோயில் நடுவில் வைத்துத் துக்கப் பூசையும் நடந்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஜூடித்துக்கும் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா பெர்னார்டுக்கும் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில், இந்த இருவர் சேரத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார்.

சாத்திய கதவை அவள் பார்த்தாள். உள்ளே அரிசிப் பானையையும் கூடாரம் ஒன்றின் மூட்டையையும் தவிர வேறெதுவும் இல்லை.

கூடாரம் சகாயநாதனுடையது. தெருவில் எதிர்வீட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது பெங்களூரில் மலிவாக எடுத்தது. அவரும் அவர் மனைவி மோலியும் இருந்தது ஒற்றை அறை என்பதால் மூட்டை இங்கே வந்திருந்தது. எல்லாம் பெர்னார்டின் ஏற்பாடு. பெர்னார்டுக்கு வானம் என்றால் பித்து. டிசம்பர் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க நட்சத்திரங்கள் கொட்டும், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் படுத்துப் பார்க்க வேண்டும் என்று தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெர்னார்ட் ஒரு துண்டை விரித்து அதன்மேல் டம்ளர்களை அடுக்கினான்.

"இது தலக்காடு. நம்ம ஊர்லயே ஒரு பாலைவனம் இருக்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. கோயிலையே மூடின மணல். நரசிபுரம் வரைக்கும் பஸ், அப்புறம் மாட்டு வண்டி. மணல்மேட்டு உச்சியில கூடாரம்."

"புளிசாதம் யார் கட்டறது?" என்றார் சகாயநாதன்.

"மாராயா," என்று கன்னடத்தில் செல்லமாக அதட்டினான் பெர்னார்ட். "முதல்ல வானத்தைக் கேளு. இதோ, நாலு பாய். தலை நடுவுல, கால் வெளிப்பக்கம். நான் கிழக்கு, ஹில்டா வடக்கு, மோலி தெற்கு, நீ மேற்கு. அவங்கவங்க திசையைத்தான் பாக்கணும், தலையைத் திருப்பக் கூடாது. விழுந்தா சத்தம் போடணும். ஜூடித் நடுவுல உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சொம்புல போடுவா."

"இவர மேக்கால போடாதீங்க" என்றாள் மோலி. "படுத்த ஒடனே கொறட்டதான். மேக்குல ஒரு நட்சத்திரமும் உழுவாது."

எல்லோரும் சிரித்தார்கள். மோலி மார்டள்ளிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரைவிட்டு வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒண்ணு சொல்றேனுங்க. எங்கூர்ல நட்சத்திரம் உழுந்தா சும்மா கத்த மாட்டாங்க. உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கற ஒரு ஆத்துமா கரையேறுதுன்னு அர்த்தம். யாருக்காகன்னு பேரச் சொல்லி, நித்திய இளைப்பாற்றி ஜெபத்துல முதல் பாதி சொல்லோணும். கூட இருக்கறவங்க மறுபாதி சொல்லோணும். அப்பத்தான் அது போயிச் சேரும்."

"எங்க ஹெட்மாஸ்டர் பேரைச் சொல்லலாமா?" என்றார் சகாயநாதன். "ஆள் இன்னும் திடமாத்தான் இருக்கார்."

மோலி அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாய்ல அடிச்சுக்குங்க. உசுரோட இருக்கறவங்க பேரச் சொல்லவே கூடாது."

பெர்னார்ட் யோசித்தான். பிறகு அதுவும் நல்லதுதான் என்றான். நாலு பேரும் கண்டபடி கத்துவதைவிட ஒழுங்காக இருக்கும். ஹில்டா உடனே அப்பாவுக்குத்தான் முதல் நட்சத்திரம் என்று சொல்லிவைத்தாள். மோலிக்கு அவள் தம்பி. பெர்னார்டுக்கு அவன் தாய். அவரவர் தங்கள் செத்தவர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஜூடித்தைப் பார்க்காமல் டம்ளர்களைப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது பெர்னார்ட் வாசற்கேட்டில் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை மொட்டைமாடியில ஒத்திகை வெச்சிருக்கேன். அன்னிக்கே அவர் பேரைச் சொல்லிடு, ஜூடித்."

"துக்கப் பூசை ஆச்சே. போதாதா?"

"அது சாமியார் சொன்னது. நீ இன்னும் சொல்லலே. வீட்டுக்காரர்னு சொல்றே, அவர்னு சொல்றே. செத்தவங்க பேரோட சேத்து ஒரு தடவைகூடச் சொல்லலே." அவன் கேட்டின் கொக்கியைப் போட்டும் எடுத்தும் விளையாடிக்கொண்டிருந்தான். "ஓலை வாசிக்கறப்போ கோயில்ல யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க. உனக்குள்ள யாரும் எழுந்து நிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவளுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வேறு ஒருவரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருக்கும் சாயங்காலங்கள். நட்டுவைக்க ஒரு பிச்சிக்கொடி. முடிந்தால் ஒரு குழந்தை. சொல்லிவிடுகிறேன் என்றாள்.

அன்று அரிசிப் படி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனபோது கதவின் பித்தளைப் பிடி சூடாக இருந்தது. வெளியே மார்கழி நெருங்கும் மைசூர்க் குளிர், மூச்சு விட்டால் புகைகிற குளிர், உள்ளே நடுப்பகல். கயிறு கட்டிய மூட்டை சுவரோரம் கிடந்தது. அதிலிருந்து பழைய பெட்ரோல் வாடையும் காய்ந்த இரும்பின் வாடையும், அவற்றுக்கெல்லாம் அடியில், நாள் முழுக்க வெயிலைத் தவிர வேறெதுவுமே தொடாத ஓர் இடத்தின் வெற்று மணமும் வந்துகொண்டிருந்தன. தரையில் மணல். காவிரி மணல் போலப் பருமன் இல்லை. கோதுமை மாவு போல, விரலில் ஒட்டினால் தட்டியும் போகாத பொடி. அவள் பெருக்கி அள்ளினாள். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இருந்தது. மூட்டையின் அடியில் இல்லை. மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில்.

மூட்டையைக் கொண்டுபோய்விடுங்கள் என்று சகாயநாதனிடம் சொன்னாள். அவர் முற்றத்தில் கூடாரத்தைப் பிரித்து விரித்துத் தடியால் தட்டினார். தூசு பறந்தது. துணி ஈரக்குளிராக இருந்தது.

"எலி ஏதாவது குடும்பம் நடத்துதோன்னு பாத்தேம்மா. அதுகூட இல்லே. யாரோ மனுஷங்க அடக்க ஒடுக்கமா இருந்துட்டுப் போன கூடாரம்."

மூட்டை போயிற்று. அறை குளிர்ந்தது. ஜூடித் தரையைக் கழுவிவிட்டு அன்று சாயங்காலம் தைரியமாக முழங்காலில் இருந்தாள். ஜெபம் ஓடியது. கடைசியில் மூன்று ஆமென். அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை. இந்தப் பக்கமிருந்து. அவள் முதுகுக்குப் பின்னால், எட்டினால் தொடுகிற தூரத்திலிருந்து.

"அக்கா, ஜுரமா?" என்றாள் ஹில்டா. "பொறங்கழுத்து இப்படிச் சுடுதே."

பயணத்தை நிறுத்திவிடலாமா என்று அவள் நினைத்தாள். நிறுத்தக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பெர்னார்ட் கோபப்பட மாட்டான். பேசாமல் கேட்டுக்கொள்வான், அதுதான் பயம். அவள் மனதுக்குள் இன்னும் மைக்கேல் இருக்கிறான் என்று புரிந்துகொண்டு மரியாதையாக விலகிப்போவான். ஓலை வாசிக்கப்பட மாட்டாது. மறுபடியும் அந்தத் தையல் வகுப்பு, அந்தக் கூடம், அந்த மூன்று குரல். அல்லது நாலு. இல்லை, பேரைச் சொல்லிவிட வேண்டும். மோலி சொன்னாளே, பேர் சொல்லி மறுபாதி சொன்னால் போய்ச் சேரும் என்று. போய்ச் சேரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஏறினார்கள். அம்மா குளிருக்குப் பயந்து கீழேயே இருந்துவிட்டாள். மொட்டைமாடியில் நாலு பாய்கள், பெர்னார்ட் சொன்னபடி தலைகள் நடுவில், கால்கள் வெளியில். நடுவில் ஒரு சின்னப் பாயில் ஜூடித், கிழக்கே பார்த்து, மடியில் புளியங்கொட்டை, பக்கத்தில் சொம்பு, சிவப்புத் துணி சுற்றிய லாந்தர். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று பெர்னார்ட் லாந்தர் திரியைக் கடுகளவுக்கு இறக்கினான். பெரிய கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் வானத்தைவிடக் கறுப்பாக நின்றன. ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்ஜின் நீளமாக மூச்சு விட்டது. பிறகு தெருவின் சந்தடிகள் ஒவ்வொன்றாகக் கீழே போய், கம்பளிக்குள் அசைகிற உடம்புகளின் சரசரப்பு மட்டும் மிஞ்சியது.

மேற்கு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அப்பாவுக்காக!" வடக்கிலிருந்து ஹில்டா கூவி ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். எல்லோரும் மறுபாதியை முணுமுணுத்தார்கள். ஜூடித் ஒரு கொட்டையைப் போட்டாள். சொம்பு 'டிங்' என்றது.

பிறந்ததிலிருந்து சொல்லிவரும் ஜெபம். முதல் பாதி காதில் விழுந்ததும் மறுபாதி தானாக நாக்கில் வந்து நின்றது. மோலி தம்பிக்கு ஒன்று சொன்னாள். பெர்னார்ட் தாய்க்கு ஒன்று. 'டிங்'. 'டிங்'. பேச்சு குறைந்தது. கொட்டாவிகள் வந்தன. ஜெபமும் தூக்கமும் கலந்து, யார் சொல்கிறார்கள் என்று யாரும் கவனிக்காத ஒரு தாளம் வந்துவிட்டது.

அப்போது கிழக்கே, அவள் கண்ணுக்கு நேராக, ஒன்று விழுந்தது. அவசரமில்லாமல். வானத்தில் நகத்தால் கீறியது போல.

பெர்னார்ட் வாய் திறக்கவில்லை. அவனும் பார்த்திருப்பான். அவளுக்காக விட்டுவைத்தான்.

"மைக்கேலுக்காக" என்றாள் ஜூடித்.

குரல் உடையவில்லை. முதல் பாதியை முழுக்கச் சொன்னாள். மறுபாதி சுற்றிலும் எழுந்தது. ஹில்டாவின் குரல் தழுதழுத்தது. பெர்னார்டின் கை இருட்டில் நீண்டு அவள் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்பியது. அவள் காத்திருந்தாள். அரை மூச்சு. ஒரு மூச்சு. இரண்டு.

ஒன்றும் இல்லை.

பிந்தி வருகிற ஆமென் வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம். போய்விட்டான். போய்ச் சேர்ந்துவிட்டான். கொட்டையைச் சொம்பில் போட்டாள், அந்தச் சத்தம்கூட இனிமையாக இருந்தது. சைக்கிள் மணி போல.

பின்னால் மேற்குப் பாய் சரசரத்தது. சகாயநாதன் குறட்டை விடாமல் விழித்திருக்கிறாரே என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

"ஜூடித்துக்காக."

தாழ்ந்த குரல். ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்கியபடி அது ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னது. நிதானமாக. தவறில்லாமல். சொல்லி முடித்தது.

சொல்லாதீங்க.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஹில்டா தூக்கக் கலக்கத்தில் மறுபாதியைத் தொடங்கிவிட்டாள். மோலியும் சேர்ந்துகொண்டாள். பெர்னார்டும். பெர்னார்டும்தான். நாக்கு முந்திக்கொண்டது. மூன்று குரலும் சேர்ந்து எழுந்து, சேர்ந்தே அடங்கின.

குளிர் நின்றது.

"ஏனுங்க," என்றாள் மோலி திடீரென்று, தூக்கமில்லாத குரலில். "யார் பேரச் சொன்னீங்க? வெளையாட்டுக்குக்கூட இப்படி..."

மாடிப்படியில் காலடி. சகாயநாதன் தலை தெரிந்தது. கையில் ஆவி பறக்கும் காப்பிக் கூஜா.

"எவ்வளவு நேரமாச்சு நான் கீழே போய்! அம்மா காப்பி கலக்கறதுக்குள்ள எத்தனை நட்சத்திரம் தின்னீங்க?"

பெர்னார்ட் எழுந்து லாந்தரின் துணியைப் பிடுங்கித் திரியைத் தூக்கினான். மஞ்சள் வெளிச்சம் பாய்களின்மேல் ஓடியது. வடக்கு. கிழக்கு. தெற்கு. நடுவில் வந்து நின்றது. ஜூடித்தின் முகத்துக்கு நேராக. அவன் கண்கள் அவள் கண்களை ஊடுருவி, அவளுக்குப் பின்னால் எதையோ தேடின.

"ஜூடித் எங்கே?"

இதோ, என்றாள். இங்கேதான் இருக்கேன்.

"இங்கதானே உக்காந்திருந்தா," என்றாள் ஹில்டா. அவள் கை துழாவி வந்து ஜூடித்தின் தோள் இருந்த இடத்தைக் கடந்து, பாயைத் தொட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சுடுது. பெர்னார்ட் அண்ணா, பாய் சுடுது."

ஜூடித் கத்தினாள். பெர்னார்டின் சட்டையைப் பிடித்தாள். அவன் கைப்பிடிச் சுவருக்கு ஓடிக் கீழே எட்டிப்பார்த்தான். படியில் தடதடவென்று இறங்கினார்கள். கூஜா உருண்டது. கீழே கதவுகள் திறந்தன, மூடின. அம்மாவின் குரல். பிறகு தெருவில், லாந்தரோடு, பெர்னார்ட். ஜூடித். ஜூடித். கோயில் பக்கம் போயிற்று அந்தக் குரல். ஜட்கா நிறுத்தத்தைத் தாண்டிற்று. ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் அவள் பதில் சொன்னாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரத்திலிருந்து வந்தது.

பிறகு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் பாய் இழுபட்டது. மெல்ல, தரையோடு உரசி, அவள் பாயின் விளிம்பில் வந்து சேர்ந்து நின்றது. யாரோ அலுப்போடு சாய்ந்து படுக்கும் சத்தம்.

அவள் திரும்பினாள்.

மைக்கேல் மல்லாந்து படுத்திருந்தான், இமைக்காமல், மேலே பார்த்துக்கொண்டு. திறந்த அந்தக் கண்களில் நட்சத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, ஓயாமல். ஜூடித் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு நட்சத்திரமும் இல்லை.